ஆக்சிஜனின் அயனியாக்கும் ஆற்றல் இறங்குவது ஏன்? 'பாதி நிரம்பிய நிலைப்புத்தன்மை' என்ற விடை போதுமா?

கரும்பலகை எழுதியது:

பதினோராம் வகுப்புக்கு வேதியியல் எடுப்பவர்களும் பாடத்தைத் தாண்டிப் படிப்பவர்களும் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதனால்தான் இந்தக் கேள்வியை இங்கே வைக்கிறேன்.

ஆவர்த்தனப் பண்புகள் பாடத்தில் தவறாமல் வரும் கேள்வி இது: நைட்ரஜனைவிட ஆக்சிஜனின் முதல் அயனியாக்கும் ஆற்றல் (அணுவிலிருந்து முதல் எலக்ட்ரானை நீக்கத் தேவையான ஆற்றல்) குறைவாக இருப்பது ஏன்? நாம் சொல்லிக்கொடுக்கும் விடையும் தெரிந்ததுதான். நைட்ரஜனின் 2பி ஆர்பிட்டால்கள் (எலக்ட்ரான்கள் இருக்கும் மூன்று இடங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு வரை இருக்கலாம்) சரிபாதி நிரம்பியவை, அதனால் கூடுதல் நிலைப்புத்தன்மை உடையவை, எலக்ட்ரானை நீக்குவது கடினம். மாணவர்கள் எழுதுகிறார்கள், நாமும் மதிப்பெண் போடுகிறோம்.

என் வகுப்பு மாணவி ஒருத்தி 15-ஆம் தொகுதியையும் 16-ஆம் தொகுதியையும் அருகருகே எழுதி எடுத்து வந்தாள். மதிப்புகள் கிலோஜூல்/மோல் அலகில்:

நைட்ரஜன் 1402, ஆக்சிஜன் 1314
பாஸ்பரஸ் 1012, கந்தகம் 1000
ஆர்செனிக் 944, செலினியம் 941
ஆன்டிமனி 831, டெல்லூரியம் 869
பிஸ்மத் 703, பொலோனியம் 812

"ஐந்து தனிமங்களிலும் பி ஆர்பிட்டால் பாதிதான் நிரம்பியிருக்கிறது. மேலே இருக்கும் நிலைப்புத்தன்மை கீழே வரும்போது எங்கே போயிற்று?" என்று கேட்டாள். பட்டியலின் முதல் வரியில் இறக்கம் 88, அடுத்து 12, அடுத்து வெறும் 3, அதன்பின் ஏற்றமாகவே மாறிவிடுகிறது. நாம் கொடுக்கும் விடை உண்மையிலேயே ஒரு காரணம் என்றால் இந்தப் பட்டியல் இப்படி இருக்கவே முடியாது. நீங்கள் வகுப்பில் இதை எப்படிச் சொல்கிறீர்கள்?

---

வைகைக்கரை எழுதியது:

பல ஆண்டுகளாக நீட் பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பதினாறு வயதுப் பிள்ளைக்கு முதலில் தேவை ஒரு பிடிமானம். வரிசையில் இடமிருந்து வலம் போனால் அயனியாக்கும் ஆற்றல் கூடும், தொகுதியில் மேலிருந்து கீழ் வந்தால் குறையும், விதிவிலக்குகள் இவை இவை. இந்த மூன்றையும் உறுதியாகப் பிடித்துக்கொண்ட மாணவன் தேர்வில் தவறவே மாட்டான். ஆன்டிமனியும் டெல்லூரியமும் அவனுக்கு இப்போது தேவையில்லை.

'பாதி நிரம்பியது' என்பதும் 'எலக்ட்ரான்கள் இணை சேர்வதால் விலக்கம்' என்பதும் ஒரே விஷயத்துக்கு இரண்டு பெயர்கள். எதைச் சொன்னால் என்ன? குழப்பிவிட்டால் இருந்த பிடிமானமும் போய்விடும் என்பதுதான் என் கவலை.

---

கதிர்க்கோடு எழுதியது:

வைகைக்கரை ஐயாவின் கவலை நியாயமானது. ஆனால் அவை இரண்டும் ஒரே விஷயம் அல்ல. அதைக் காட்ட ஒரு கட்டத்தாளும் பென்சிலும் போதும்.

இரண்டாம் வரிசையில் பி எலக்ட்ரான் உள்ள ஆறு தனிமங்களுக்கும் புள்ளி வையுங்கள். போரான் 801, கார்பன் 1086, நைட்ரஜன் 1402. முதல் ஏற்றம் 285, அடுத்தது 316. இப்போது மறுபாதி: ஆக்சிஜன் 1314, ஃபுளூரின் 1681, நியான் 2081. ஏற்றம் 367, பிறகு 400. ஒவ்வொரு படியும் முந்தையதைவிட முப்பது, முப்பத்தைந்து கூடுகிறது. இரண்டு பாதியிலும் அதே சீர்.

முதல் மூன்று புள்ளிகள் போகும் போக்கிலேயே கோட்டை நீட்டினால் ஆக்சிஜன் 1750-ஐ ஒட்டி வந்திருக்க வேண்டும். ஃபுளூரின் 2125 அளவில், நியான் 2535 அளவில். உண்மையில் மூன்றுமே அதற்கு 430 முதல் 455 வரை கீழே நிற்கின்றன. ஆக்சிஜன் மட்டும் அல்ல, மூன்றும், ஏறத்தாழ ஒரே அளவில்.

இதைப் பார்த்தபிறகு நைட்ரஜனைப் பற்றி நாம் சொல்லும் கதை நிற்காது. நைட்ரஜனுக்குத் தனியாக ஒரு நிலைப்புத்தன்மை இருந்தால் அந்த ஒரு புள்ளி மட்டும் கோட்டைவிட்டு மேலே துருத்திக்கொண்டிருக்க வேண்டும். அது துருத்தவில்லை, போரானும் கார்பனும் வந்த வழியிலேயே வந்து நிற்கிறது. இறங்கியது நைட்ரஜனுக்கு அடுத்துள்ள பாதி முழுவதும். நான்காவது பி எலக்ட்ரானிலிருந்து ஒவ்வொன்றும் ஏற்கெனவே ஓர் எலக்ட்ரான் இருக்கும் ஆர்பிட்டாலுக்குள், எதிர்த் தற்சுழற்சியுடன் (ஸ்பின்) நுழைய வேண்டியிருக்கிறது. அந்த மாற்றத்துக்கான விலைதான் அந்த 430 சொச்சம்.

விலை என்று புரிந்துகொண்டால் கரும்பலகையின் மாணவி கேட்டதற்கும் விடை கிடைத்துவிடுகிறது. அது எலக்ட்ரான்களுக்கு இடையிலான விலக்கத்தைப் பொறுத்த விலை. 2பி ஆர்பிட்டால் மிகச் சிறியது. உள்ளே அதே வடிவில் இன்னொரு பி கூடு இல்லாததால் கருவுக்கு நெருக்கமாகவே சுருங்கிக் கிடக்கிறது. அந்த இடத்துக்குள் இரண்டு எலக்ட்ரான்கள் என்றால் விலக்கம் கடுமையாக இருக்கும். 3பி, 4பி, 5பி எனப் போகப் போக இடம் விரிகிறது, விலை சரிகிறது. ஆன்டிமனியிலிருந்து டெல்லூரியத்துக்குப் போகும்போது விலை இன்னும் இருக்கிறது. ஏற்றம் சோர்ந்து 38 ஆகக் குறைந்திருப்பதைப் பாருங்கள், பக்கத்துப் படிகள் 120-க்கு மேல். ஆனால் கருவின் மின்சுமை ஒன்று கூடுவதால் கிடைக்கும் ஆதாயத்தை அது மிஞ்சவில்லை.

பாதி நிரம்பியதால் நிலைப்பு என்ற விடை இதில் எதையும் முன்கூட்டிச் சொல்லாது.

---

வைகைக்கரை எழுதியது:

> இறங்கியது நைட்ரஜனுக்கு அடுத்துள்ள பாதி முழுவதும்.

இந்த இணைகோட்டு வாதம் வலுவானதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே பாடத்தில் குரோமியத்தின் 3டி5 4எஸ்1 அமைப்புக்கும் (3டி-யில் ஐந்து எலக்ட்ரான்கள், 4எஸ்-இல் ஒன்று) 'பாதி நிரம்பிய நிலைப்பு' என்றுதானே காரணம் சொல்கிறோம்? அதையும் எடுத்துவிட்டால் எதைச் சொல்வது?

---

கதிர்க்கோடு எழுதியது:

குரோமியத்தின் நேர் கீழே மாலிப்டினம் இருக்கிறது, அதுவும் 4டி5 5எஸ்1. அதற்குக் கீழே டங்ஸ்டன்: 5டி4 6எஸ்2. பாதி நிரம்பும் வாய்ப்பு இருந்தும் டங்ஸ்டன் அதை எடுத்துக்கொள்ளவில்லை. மாலிப்டினத்துக்குப் பக்கத்தில் உள்ள நியோபியம் 4டி4 5எஸ்1. டி கூடு சரிபாதி நிரம்பாமலே எஸ் எலக்ட்ரான் ஒன்று டி-க்குப் போயிருக்கிறது. எஸ், டி ஆற்றல்கள் எவ்வளவு நெருக்கம், இணை சேர என்ன விலை என்ற இரண்டின் கணக்குதான் அங்கேயும் நடக்கிறது.

இன்னும் ஒரு சான்று. ஈயம் 716, பிஸ்மத் 703. பாதி நிரம்பிய பிஸ்மத், அதற்கு முந்தைய ஈயத்தைவிடக் கீழே! அவ்வளவு கனமான அணுவில் எலக்ட்ரானின் தற்சுழற்சியும் அதன் சுற்றியக்கமும் பிணைந்து பி கூட்டையே இரண்டாகப் பிளந்துவிடுகின்றன. இரண்டு எலக்ட்ரான்கள் தாழ்ந்த நிலையில் அமர்ந்துவிடும், ஈயத்தில் அது நிறைந்துவிட்டது. மூன்றாவது எலக்ட்ரான் உயர்ந்த நிலைக்குத்தான் போக முடியும். அங்கே 'பாதி' என்ற எண்ணுக்குப் பொருளே கரைந்துபோய்விடுகிறது.

---

மூன்றாம்பெஞ்சு எழுதியது:

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன் ஐயா. இணை சேர்ந்தால் விலக்கம் கூடும் என்பது புரிகிறது. ஆனால் வழிகாட்டி நூல்களில் 'பரிமாற்ற ஆற்றல்' என்று இன்னொரு காரணமும் போட்டிருக்கிறார்கள். எலக்ட்ரான்கள் தங்களுக்குள் இடம் மாற்றிக்கொள்வதால் ஆற்றல் வெளிப்படும் என்கிறார்கள். இடம் மாறினால் ஏன் ஆற்றல் வர வேண்டும்? எலக்ட்ரான்கள் எல்லாம் ஒன்றுபோலத்தானே இருக்கின்றன?

---

கதிர்க்கோடு எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. எலக்ட்ரான்கள் எழுந்து இடம் மாறி உட்காருவதில்லை. அந்த வருணனையை மறந்துவிடுங்கள்.

ஒரே தற்சுழற்சி கொண்ட இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே புள்ளியில் இருக்க முடியாது என்பது பவுலியின் தவிர்க்கைத் தத்துவத்தின் விளைவு. அதனால் அவை இயல்பாகவே ஒன்றைவிட்டு ஒன்று விலகி இயங்குகின்றன. விலகி இயங்குவதால் அவற்றுக்கு இடையே விலக்கம் குறைகிறது. எதிர்த் தற்சுழற்சி கொண்டவற்றுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அந்தக் குறைவைத்தான் பரிமாற்ற ஆற்றல் என்று கணக்கில் எழுதுகிறோம். புதிய விசை எதுவும் இல்லை, எல்லாம் மின்விலக்கம்தான்.

இப்போது எண்ணிப் பாருங்கள். ஓர் எலக்ட்ரானை நீக்கும்போது எத்தனை ஒத்த தற்சுழற்சி இணைகள் கலைகின்றன? போரானில் 0. கார்பனில் 1. நைட்ரஜனில் மூன்று இணைகளில் 2 கலைகின்றன. ஆக்சிஜனில் எதிர்ச்சுழற்சி எலக்ட்ரானை எடுக்கிறோம், அதற்குத் துணை யாரும் இல்லை, ஆகவே 0. ஃபுளூரினில் 1. நியானில் 2.

0, 1, 2, பிறகு மறுபடி 0, 1, 2. அந்த இரண்டு இணைகோடுகள் இந்த எண்களிலேயே தெரிகின்றன. ஒரே ஆர்பிட்டாலில் இரண்டு இருப்பதால் வரும் கூடுதல் விலக்கமும் சேர்ந்துகொள்கிறது. எளிய ஆர்பிட்டால் கணக்கில் போட்டுப் பார்த்தால் பரிமாற்றத்தின் பங்கு சற்று அதிகம், இணை சேரும் விலக்கத்தின் பங்கு சற்றுக் குறைவு. ஒன்றைச் சொல்லி மற்றதை விடுவது அரைக் கணக்காகிவிடும்.

---

யாழ்_இரசாயனம் எழுதியது:

கதிர்க்கோடு சேர் சொன்னதை இன்னொரு பக்கத்தால் சோதிக்கலாம். நாங்கள் இலங்கையில் உயர்தரத்தில் அயனாக்கச் சக்தியையும் (நீங்கள் சொல்லும் அயனியாக்கும் ஆற்றல்) இலத்திரன் நாட்டத்தையும் (அணு ஓர் எலக்ட்ரானை ஏற்கும்போது வெளிவிடும் சக்தி) வேறு வேறு வரைபுகளாகப் படிப்போம். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்க்கும் பழக்கம் குறைவு.

காரணம் இலத்திரன்களின் எண்ணிக்கையில்தான் இருக்கிறது என்றால், ஓர் இலத்திரனை முதலிலேயே அகற்றிவிட்டால் இறக்கம் ஒரு மூலகம் (தனிமம்) வலப்பக்கம் தள்ளிப்போக வேண்டும். இரண்டாம் அயனாக்கச் சக்திகளைப் பாருங்கள்: காபன் 2353, நைதரசன் 2856, ஒட்சிசன் 3388, புளோரீன் 3374, நேயன் 3952. இறக்கம் இப்போது ஒட்சிசனுக்கும் புளோரீனுக்கும் இடையில். ஒட்சிசனின் ஒற்றை நேர் அயனுக்கு நைதரசன் அணுவின் இலத்திரன் நிலையமைப்பு.

மறுபுறம், இலத்திரனை ஏற்றும்போது இறக்கம் ஓர் இடம் இடப்பக்கம் வர வேண்டும். இலத்திரன் நாட்டத்தில் வெளிவிடப்படும் சக்தி போரனுக்கு 27, காபனுக்கு 122, நைதரசனுக்கு ஏறக்குறையப் பூச்சியம், ஒட்சிசனுக்கு 141, புளோரீனுக்கு 328. நைதரசன் அணுவுக்கு வருகிற இலத்திரன் நான்காவது பி இலத்திரன். ஒட்சிசன் செலுத்திய அதே விலையை இது செலுத்த வேண்டியிருக்கிறது. தனித்த நைதரசன் அணு அந்த இலத்திரனை வைத்திருப்பதே இல்லை.

மூன்று வரைபுகளும் ஒரே உருவம்தான், ஒவ்வோர் இடம் தள்ளி நிற்கிறது. இதைத் தாங்களாகவே கண்டுபிடிக்கும்போது பிள்ளைகளின் முகத்தில் வருகிற மலர்ச்சிக்காகவே இந்த அலகை நான் விரும்பிப் படிப்பிக்கிறேன்.

---

மூன்றாம்பெஞ்சு எழுதியது:

அப்படியானால் டி தொகுதியிலும் இதே இறக்கம் ஐந்தாவது எலக்ட்ரானுக்கும் ஆறாவது எலக்ட்ரானுக்கும் நடுவில் வர வேண்டும் அல்லவா? மூன்றாம் அயனியாக்கும் ஆற்றலைத் தேடி எடுத்தேன். குரோமியம் 2987, மாங்கனீசு 3248, இரும்பு 2957, கோபால்ட் 3232. மாங்கனீசுக்கும் இரும்புக்கும் நடுவில் அப்படியே இறங்குகிறது!

---

கரும்பலகை எழுதியது:

அருமை. அந்த ஓர் இறக்கத்திலிருந்து எவ்வளவு வேதியியல் கிளம்புகிறது என்று பாருங்கள். இரும்பு தன் மூன்றாவது எலக்ட்ரானை ஒப்பீட்டளவில் எளிதாக விட்டுக்கொடுக்கிறது. காற்றுபட்ட இடமெல்லாம் துருவாக மூன்று நேர்ச்சுமை கொண்ட இரும்பைப் பார்க்கிறோம். மாங்கனீசு இரண்டு நேர்ச்சுமையோடு நின்றுகொள்ள விரும்புகிறது; மூன்று நேர்ச்சுமை கொண்ட மாங்கனீசு நீர்க்கரைசலில் வலுவான ஆக்சிஜனேற்றி. ஆய்வகத்தில் பச்சை ஃபெரஸ் சல்பேட் கரைசலை மூடாமல் வைத்தால் பழுப்பேறுகிறது. வெளிர் இளஞ்சிவப்பு மாங்கனஸ் சல்பேட் கரைசல் அப்படியே இருக்கிறது. இரண்டு குடுவைகளையும் பக்கத்தில் பக்கம் வைத்துக் காட்டினால் 2957-ம் 3248-ம் வெறும் எண்களாக இருக்காது.

---

தேரிக்காடு எழுதியது:

நான் ஆசிரியர் அல்லன், கனிம மணல் தொடர்பான வேலையில் இருப்பவன். 'விதிவிலக்கு இவை இவை' என்று மனப்பாடம் செய்தால் போதும் என்று வைகைக்கரை ஐயா தொடக்கத்தில் சொன்னது மனத்தை உறுத்தியதால் எழுதுகிறேன்.

தொகுதியில் கீழே வந்தால் அணுவும் அயனியும் பெரிதாகும் என்கிறோம். 4-ஆம் தொகுதியில் சிர்கோனியமும் அதற்குக் கீழே ஹாஃப்னியமும் இருக்கின்றன. நான்கு நேர்ச்சுமை கொண்ட அயனியின் ஆரம் சிர்கோனியத்துக்கு 72 பிக்கோமீட்டர், ஹாஃப்னியத்துக்கு 71. முப்பத்திரண்டு புரோட்டான்களும் முழுதாக ஒரு கூடும் கூடியிருந்தும் அயனி பெரிதாகவில்லை. இடையில் பதினான்கு 4எஃப் எலக்ட்ரான்கள் நுழைந்ததுதான் காரணம். எஃப் எலக்ட்ரான்கள் கருவின் இழுப்பை மறைப்பதில் மிகவும் பலவீனமானவை. லாந்தனத்தின் மூன்று நேர்ச்சுமை அயனி 103 பிக்கோமீட்டர், வரிசையின் கடைசியில் லுட்டீசியம் 86. படிப்படியாகச் சுருங்கிச் சுருங்கி, அடுத்த கூடு சேர்ந்ததால் வந்திருக்க வேண்டிய பருமனை அது விழுங்கிவிடுகிறது.

பாடநூலில் 'லாந்தனைடு குறுக்கம்' என்று ஒரு பத்தி இருக்கும். எங்கள் பக்கத்துக் கடற்கரையில் அது கைநிறைய அள்ளும் மணலாகக் கிடக்கிறது. மணவாளக்குறிச்சி மணலில் இல்மனைட், ரூட்டைல், கார்னெட், மோனசைட்டுடன் சிர்கானும் இருக்கிறது. சிர்கான் படிகத்துக்குள் சிர்கோனியம் அயனி இருக்க வேண்டிய இடத்தில் ஹாஃப்னியம் எந்த நெருடலும் இல்லாமல் போய் உட்கார்ந்துகொள்ளும். அளவும் ஒன்று, மின்சுமையும் ஒன்று. பொதுவாக நூற்றில் ஓரிரண்டு பங்கு ஹாஃப்னியம் இல்லாத சிர்கான் கிடைப்பது அரிது. சிர்கோனியத்தை 1789-இல் கிளாப்ரோத் கண்டறிந்தார். அதற்குள்ளேயே ஒளிந்திருந்த ஹாஃப்னியத்தை 1923-இல்தான் கோஸ்டரும் ஹெவெசியும் கோபன்ஹேகனில் எக்ஸ் கதிர் நிறமாலை வழியாகப் பிடித்தார்கள். வேதி முறைகளுக்கு அது 130 ஆண்டுகளுக்கு மேல் அகப்படவில்லை.

இரண்டும் வேதியியலில் இரட்டையர் என்றாலும் அணு உலைக்குள் நேர் எதிரிகள். சிர்கோனியம் நியூட்ரானை அநேகமாக விழுங்குவதே இல்லை, 0.18 பார்ன் (நியூட்ரானை விழுங்கும் திறனை அளக்கும் அலகு) அளவுதான். அதனால்தான் எரிபொருளைச் சுற்றும் உறைக்குழாயை அதன் உலோகக் கலவையில் செய்கிறார்கள். ஹாஃப்னியத்துக்கு அந்த மதிப்பு 104 பார்ன். அது உலையை அடக்கும் தண்டுகளுக்கு உதவும் பொருள். ஆகவே உறைக்குழாய்க்குப் போகும் சிர்கோனியத்தில் ஹாஃப்னியம் பத்து லட்சத்தில் நூறு பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும். தூத்துக்குடி மாவட்டம் பழையகாயலில் அணு எரிபொருள் வளாகத்தின் சிர்கோனியம் ஆலை இருக்கிறது. இந்தத் தொழிலின் மிகக் கடினமான படி, கரைப்பான் வழியாக மீண்டும் மீண்டும் பிரித்து இந்த ஹாஃப்னியத்தை வெளியேற்றுவதுதான். ஒரே ஒரு பிக்கோமீட்டர் வேறுபாட்டை வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை அது.

விதிவிலக்கு என்று ஒதுக்கி வைப்பதற்குள் இவ்வளவு இருக்கிறது. ஏன் என்று தெரிந்த பிள்ளைதான் இந்த வேலைக்கு வர முடியும்.

---

வைகைக்கரை எழுதியது:

தேரிக்காடு அவர்களே, இந்தப் பதிவை என் மாணவர்களுக்கு அப்படியே வாசித்துக் காட்டப்போகிறேன். மனப்பாடத்தோடு நின்றுவிட வேண்டும் என்பது என் கருத்தன்று. முதலில் அது வேண்டும் என்பதில் இப்போதும் உறுதியாக இருக்கிறேன்.

எனக்குள்ள நடைமுறைச் சிக்கலை மட்டும் தீர்த்துவையுங்கள். விடைக்குறிப்பில் 'பாதி நிரம்பிய' என்ற சொல் இருக்கும். திருத்துபவர் அதைத்தான் தேடுவார். பிள்ளை சரியான காரணத்தை எழுதி மதிப்பெண்ணை இழக்கக் கூடாது. மூன்று வரிக்குள் என்ன எழுதச் சொல்வது?

---

கரும்பலகை எழுதியது:

நான் இப்படி எழுதவைக்கிறேன்: "நைட்ரஜனின் 2பி ஆர்பிட்டால்கள் பாதி நிரம்பியவை, மூன்று எலக்ட்ரான்களும் தனித்தனி ஆர்பிட்டால்களில் ஒரே தற்சுழற்சியுடன் உள்ளன. ஆக்சிஜனில் நான்காவது எலக்ட்ரான் எதிர்த் தற்சுழற்சியுடன் இணை சேர்வதால் அதன் மீதான விலக்கம் அதிகம். எனவே அதை நீக்கக் குறைந்த ஆற்றலே போதும்."

திருத்துபவர் தேடும் சொல் முதல் வரியிலேயே இருக்கிறது. காரணம் இரண்டாவது வரியில் இருக்கிறது. எழுதிய எதுவும் பொய்யில்லை.

---

மூன்றாம்பெஞ்சு எழுதியது:

இன்னும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். 13-ஆம் தொகுதியில் அலுமினியம் 578, காலியம் 579. தொகுதியில் கீழே வந்தும் குறையவில்லை. தேரிக்காடு ஐயா சொன்ன அதே காரணம்தானா? காலியத்துக்கு முன்னால் எஃப் எலக்ட்ரான் எதுவும் இல்லையே?

---

கதிர்க்கோடு எழுதியது:

எஃப் இல்லை, ஆனால் பத்து 3டி எலக்ட்ரான்கள் வந்துவிட்டன. டி எலக்ட்ரான்களும் மறைப்பதில் பலவீனமானவைதான், எஃப் அளவுக்கு இல்லை. அந்தப் பத்துப் புரோட்டான்களின் இழுப்பு காலியத்தின் வெளி எலக்ட்ரான் வரை எட்டுகிறது.

அதே தொகுதியில் இன்னும் கீழே போய்ப் பாருங்கள். இண்டியம் 558 என்று சற்று இறங்கும். தாலியம் 589 என்று ஏறிவிடும், அலுமினியத்தையும் தாண்டி. அங்கேதான் 4எஃப் எலக்ட்ரான்களின் விளைவு வந்து சேர்கிறது. கனமான அணு என்பதால் சார்பியல் விளைவும் (எலக்ட்ரான் மிக வேகமாக இயங்குவதால் வருவது) கூடி 6எஸ் எலக்ட்ரான்களைக் கருவை நோக்கி இழுத்துக்கொள்கிறது. தாலியம் பெரும்பாலும் ஒற்றை நேர்ச்சுமையோடு நின்றுவிடுவதற்கும் அதே 6எஸ் இணைதான் காரணம். அடுத்து 14-ஆம் தொகுதியை எடுத்துக்கொண்டு வெள்ளீயத்துக்கும் ஈயத்துக்கும் இதே கணக்கைப் போட்டு இங்கே எழுதுங்கள். வெள்ளீயம் 709, ஈயம் 716.